கண்டக்டரின் இரட்டை மணி

என் மாமியார் பஸ்ஸில் உட்கார மாட்டார். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்களாகிவிட்டன. இன்னமும், வண்டி முழுக்கக் காலி சீட்டாக இருந்தாலும், பின்வாசல் கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றபடியேதான் வருவார். கால் வலிக்கவில்லையா என்று கேட்டால், உட்கார்ந்தால்தான் வலிக்கிறது என்பார்.

அத்தை வேலை பார்த்த பஸ்ஸின் டிரைவர்தான் என் மாமனார். மணிக்கயிற்றை அத்தை ஒரு தரம் இழுத்தால் நிறுத்த வேண்டும். இரண்டு தரம் இழுத்தால் கிளம்ப வேண்டும். இரட்டை மணி கேட்காமல் மாமா கிளட்சில் கால் வைத்ததே இல்லை. கல்யாணமான பிறகும் அத்தையை அவர் "கண்டக்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

போன வாரம் அந்த அழைப்பு நின்றுபோனது. மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, இனி ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். அத்தை சாவியை ஒளித்து வைத்தார். மாமாவிடம் மாற்றுச் சாவி இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சட்டையோடு தூங்கினார். இருவருக்கும் நடுவே தூது போவது என் வேலையாயிற்று.

"டீயில சக்கரையே இல்லன்னு சொல்லுங்க மாப்ள."

"டீ போட்டதே அவர்தான்னு ஞாபகப்படுத்துங்க மாப்ள."

அவர்கள் ஓட்டிய பழைய பஸ்ஸை வாகனக் காட்சியகத்தில் நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரையும் அழைத்துப் போனேன். நீராவி எஞ்சின், டிராம், ஆளுயரச் சக்கரம் வைத்த சைக்கிள் எதையும் அவர்கள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கமாக நடந்து நேரே பஸ்ஸிடம் போய் நின்றார்கள்.

உள்ளே ஏறிப் பார்க்க அனுமதி இருந்தது. மாமா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கியர்க் குமிழைத் தடவினார். அத்தை தன் கம்பியில் சாய்ந்தார். பார்க்க வந்தவர்கள் சிலர் ஏறி இடம் பிடித்தார்கள். கடைசி ஆள் படியைத் தாண்டி உள்ளே வந்ததும் அத்தையின் கை தானாகவே மேலே போனது. மணி இரண்டு தரம் அடித்தது.

மாமாவின் கால் கிளட்சை மிதித்தது. பார்வை வெளியே இருந்த பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் போனது. குனிந்து பார்த்தார். கையை நீட்டி அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அது பளிச்சென்றுதான் இருந்தது.

"கண்டக்டர், படியில ஆள் நிக்குதா? எனக்குத் தெரியல."

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "யாருமில்லீங்க. போலாம்" என்றார்.

இறங்கியதும் மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். "நீதான் நம்ம பொண்ணு வண்டியில ஓட்டக் கத்துக்கிட்டியே. நீயே ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

அன்று சாயங்காலமே அத்தை ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். உட்கார்ந்துதான் ஓட்டினார். பின்னாலிருந்து மாமா தோளில் இரண்டு தரம் தட்டிய பிறகே வண்டி நகர்ந்தது. தெருமுனையில் ஒரு தட்டு தட்டினார். அத்தை பிரேக் போட்டார்.

"நாய் படுத்திருக்கு" என்றார் மாமா.

"அது சிமெண்ட் மூட்டைங்க" என்றார் அத்தை.

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடியும் இரண்டு தரம் தட்டினார்.