செல்வராணி புல் வளர்த்த வரலாறு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் காஹாங் வட்டாரத்துப் புற்கள் தங்கள் குலத்தை அழித்தவர்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தால், செல்வராணியின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்திருக்கும். பதினெட்டு வயதில் முதுகில் களைக்கொல்லி மருந்து தெளிக்கும் பம்பை மாட்டியவர், இருபத்தொன்பது ஆண்டுகள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து மரங்களுக்கு அடியில் நடந்து, லாலாங், கோரை, தொட்டாற்சுருங்கி என்று எந்தப் பேதமும் பார்க்காமல் தீர்த்துக் கட்டினார். முதுகு மக்கர் பண்ணத் தொடங்கியதும் தோட்டம் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. இனிமேல் எந்த நேரத்துக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லாத ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது.

கணவர் சபாபதி மறு வருஷமே நெஞ்சுவலியில் போய்விட்டார். மகன் காளிதாஸ் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது விநாடி நீளத்தில் ஒரு குரல் பதிவு அனுப்புவான். பதிலுக்கு இவர் அனுப்பும் நான்கு நிமிடப் பதிவை அவன் எப்போது கேட்கிறான் என்பது ஆராய்ச்சிக்குரியது. அவர் குடியிருந்த வரிசையில் ஆறு வீடுகள். நான்கில் பூட்டு. ஒன்றில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். அவர்களோடு செல்வராணிக்கு இருந்த உறவு, காலையில் ஒரு சிரிப்பு, மாலையில் ஒரு சிரிப்பு.

இந்த நிலையில்தான் பருத்தி வந்து சேர்ந்தது. ஜொகூரில் பருத்தி விளையுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஜொகூர் பாருவில் ஒரு கம்பெனி அதற்கு விடை கண்டே தீருவது என்று கிளம்பி, செம்பனைக் காட்டு ஓரத்தில் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தது. சோளம் அறுத்த நிலம் அது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதியை வெறும் மண்ணாக விட்டார்கள். மறுபாதியில் சோளத்தட்டையை நறுக்கி, கணுக்கால் உயரத்துக்கு மெத்தை போலப் பரப்பி, நடுவே பருத்தியை நட்டார்கள். மருந்தே அடிக்காமல் புல்லை அடக்க முடியுமா என்பதுதான் சோதனை. காவல் காக்கவும் புல்லை எண்ணவும் செல்வராணியை வைத்தார்கள். புலியை ஆட்டு மந்தைக்குக் கணக்குப்பிள்ளையாகப் போட்டதுபோல என்று அவரே சொல்லிக்கொண்டார். கேட்க ஆள் இல்லை.

பொறுப்பாளர் லோஷினி, ஜொகூர் பாரு அலுவலகத்துப் பெண். முதல் நாளே பாடம் எடுத்தாள்.

"ஆண்டி, உரத்தைச் செடி ஓரமா, தட்டைக்கு அடியில வைக்கணும். மேல தூவிட்டா பருத்திக்குப் போகாது, புல்லுதான் சாப்பிடும்."

"இருவத்தொம்பது வருஷம் புல்லோட மல்லுக்கட்டுனவ மா நானு. அது என்னா சாப்பிடும்னு எனக்குத் தெரியாதா?"

புதன்தோறும் ஒரு மீட்டர் சதுர மரச்சட்டத்தை ஐந்து இடங்களில் வைத்து, உள்ளே இருக்கும் புல்லை எண்ணி, படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். உடனே லோஷினி கூப்பிடுவாள். அந்த அழைப்புக்காகச் செல்வராணி புதன்கிழமைகளில் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டார். அது வீடியோ அழைப்பு அல்ல என்பதை இங்கே பதிவு செய்வது நம் கடமை.

சிக்கல் என்னவென்றால், சோதனை வெற்றி பெற்றுத் தொலைத்தது. ஆரம்பத்தில் தட்டைப் பாத்தியில் இருபது முப்பது முளைத்தன. "என்ன புல் ஆண்டி, இலை எப்படி இருக்கு, மழை பெய்ஞ்சுச்சா" என்று பேச்சு பத்து நிமிடம் ஓடியது. பிறகு பத்தானது, மூன்றானது. ஏழாவது வாரம் பூஜ்யம்.

"சூப்பர் ஆண்டி. தேங்க்ஸ் லா. வச்சிடவா?"

நாற்பது விநாடி. சீவிய தலை கலையவே இல்லை.

அடுத்த வாரமும் பூஜ்யம், முப்பத்தைந்து விநாடி. அன்று சாயங்காலம் செல்வராணி பாத்திக்குள் போய், கால் பெருவிரலால் தட்டையைக் கொஞ்சம் விலக்கி, அந்த இடைவெளியில் ஒரு பிடி உரத்தைத் தூவினார். சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்தால்தான் என்ன, யார் இருக்கிறார்கள்? பின்னர் நாலு இடத்தில் தூவினார். மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. காஹாங் புற்களின் வரலாற்றில் இப்படி ஒரு சமாதான உடன்படிக்கை அதற்கு முன் நடந்ததில்லை.

புதன்கிழமை எண்ணிக்கை பத்தொன்பது. அழைப்பு பன்னிரண்டு நிமிடம். அடுத்த புதன் நாற்பத்தொன்று, இருபது நிமிடம். பேச்சுக்கு நடுவில் லோஷினி தன் பெர்மாஸ் ஜெயா வீட்டில் தண்ணீர் ஒழுகுவதைக்கூடச் சொன்னாள். மூன்றாவது புதன் அறுபது தாண்டியது. அப்போது அவள் குரலே வேறாக இருந்தது.

"பாஸ் கோவமா இருக்காரு ஆண்டி. தட்டை, உரம் எல்லாம் வேஸ்ட்டு, மருந்தே அடிச்சிரலாம்ங்கிறாரு. இந்த ஐடியா என்னோடது. என்னைய வேற டிபார்ட்மெண்ட்டுக்குத் தூக்கிருவாங்க போல. நாளைக்கு நானே வரேன்."

செல்வராணி சந்தோஷப்பட்டார், பிறகு பயந்தார், பிறகு மீன் சம்பால் செய்தார்.

மறுநாள் லோஷினி காலணியைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் மண்டியிட்டாள். தட்டையின் மேல் கரையாமல் கிடந்த வெள்ளை உரக் குருணையை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"இது எப்படி மேல வந்துச்சு?"

"கோழி கிளறியிருக்கும்."

"எந்தக் கோழி ஆண்டி? இங்க கோழியே இல்லையே."

செல்வராணி செம்பனை மரங்களைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு கோழி வந்து காப்பாற்றும் அறிகுறி தெரியவில்லை.

"நாந்தான் தூவுனேன்."

"ஏன்?"

"புல்லு இல்லைனா நீ போனை வச்சிடுறியே மா."

லோஷினி விரலில் இருந்த குருணையைத் தட்டிவிட்டு எழுந்தாள். பிறகு கணினியைத் திறந்து, மூன்று வாரக் கணக்கை நீக்கிவிட்டு, காரணம் எழுதும் இடத்தில் 'உரம் இட்டதில் தவறு' என்று எழுதினாள். மீன் சம்பாலை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். ஆனால் கிளம்பும்போது, "நீங்க என்னைய நம்ப வச்சு ஏமாத்திட்டீங்க ஆண்டி" என்று மட்டும் சொல்லி, காரில் ஏறினாள்.

தட்டையால் மறுபடி மூடினார்கள், புல் அடங்கியது, பாஸும் அடங்கினார். மனிதக் கணக்கில் கம்பெனிக்கு நம்பிக்கை போய்விட்டதால் பாத்தியில் கம்பம் நட்டு ஒரு கேமரா வைத்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு அது தானே படம் எடுக்கும், தானே எண்ணும், தானே அனுப்பும். செல்வராணிக்கு வேலை போகவில்லை. கேமராவின் கண்ணாடியில் மழைத்துளி இருந்தால் துடைக்க வேண்டும். புதன்கிழமைகள் மற்ற கிழமைகளைப் போல ஆகிவிட்டன.

மூன்று வாரம் துடைத்தார். நான்காவது வாரம் ஒரு காலை, ஏழடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது, துடைத்த பிறகும் நகராமல் பாத்தி ஓரத்திலேயே நின்றார். கேமரா கண்ணைச் சிமிட்டியது.

ஏழே காலுக்குக் கைப்பேசியில் லோஷினியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"ஆண்டி, படத்துல கால் தெரியுது. தள்ளி நில்லுங்க."

செல்வராணி வரப்பில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"எந்தக் கால் மா? எடதா, வலதா?"