வராத ஸ்டேசனும் அக்காவின் சீதனக் காணியும்

எங்கள் ஊர் இரண்டு ஸ்டேசன்களுக்கு நடுவே இருந்தது. காங்கேசன்துறை ரயில் எங்கள் காணியின் ஓரமாகக் கூவிக்கொண்டு போகும், நிற்காது. அதை நிறுத்தியே தீருவது என்று வாசிகசாலையில் ஒரு கமிட்டி தொடங்கினார்கள். அப்பா தலைவர். ஸ்டேசனுக்கு எங்கள் ஊர்ப் பெயரா, பக்கத்து ஊர்ப் பெயரா என்று சண்டை பிடிப்பதிலேயே கமிட்டிக்கு இரண்டு வருடம் போனது. கட்டுவதற்கு ஒரு கல்லும் வந்து சேரவில்லை. பெயர்ப் பலகையை மட்டும் இரண்டு தடவை எழுதுவித்தார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ரயில் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள் கூடிக்கொண்டு வந்தது. அப்பா அசரவில்லை, ரயில்வேக்குப் பெட்டிசம் எழுதியபடியே இருந்தார். ஒருநாள் இரண்டு உத்தியோகத்தர்கள் அளவு நாடாவோடு வந்து, அக்காவுக்குச் சீதனமாக ஒதுக்கியிருந்த காணியில் நாலு முளை அடித்து, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். அடுத்த நாளே அப்பா கிடுகு வேலியைப் பிரித்து, முளைகளுக்கு இப்பால் தள்ளி அடைத்தார். ஒரு முழ வேலிக்காகச் சொந்தத் தம்பியோடு ஏழு வருடம் வழக்காடிய மனிதர், வராத ரயிலுக்கு நாலு பரப்புக் காணியைச் சும்மா திறந்துவிட்டார். அதில் ஊர் ஆடுகள் மேய்ந்தன.

ஆடு மேய்ந்ததை நான் மன்னிப்பேன், பிறகு நடந்ததை அல்ல. சண்டிலிப்பாயிலிருந்து ஒரு வாத்தியார் தன் தாயோடு பெண் பார்க்க வந்தார். அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர்கள் போன பிறகு, கழுவிய தேநீர்க் கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றாள். அப்பாவோ அவர்களைக் கூட்டிவந்த தரகரை வாசல் கேற்றடியில் பிடித்துக்கொண்டார்.

"சைக்கிள் உழக்கிற வாத்தியாருக்கோ இந்தக் காணி? கொஞ்சம் பொறுங்கோ. ஸ்டேசன் வரட்டும். பிறகு டொக்டர் மாப்பிள்ளையே தேடி வருவார்."

"ஸ்டேசன் எப்ப வரும், அண்ணை?"

"அளந்திட்டினம்."

அடுத்து வந்த கிளாக்கருக்கும் அதே பதில்தான். வாத்தியார் தன் ஊரிலேயே கட்டிக்கொண்டார். பிறகு தரகர் எங்கள் ஒழுங்கைப் பக்கமே வருவதில்லை. அக்காவுக்கு முப்பது தாண்டியது.

தொண்ணூறில் சண்டை திரும்பவும் தொடங்க, ரயில் ஒரேயடியாக நின்றது. விமானக் குண்டுக்குப் பதுங்கச் சனம் வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டியது. மேலே மூட, தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகளைக் கழற்றிக்கொண்டு போனது. கமிட்டிக்காரர்கள்தான் முதலில் கழற்றினார்கள். பெயர்ப் பலகை செயலாளர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவானது. எங்கள் வீட்டில் மட்டும் கட்டையைத் தொடக்கூடாது.

"நாளைக்கு ரயில் ஓடேக்கை என்னட்டைத்தானே கேப்பினம்?" என்றார் தலைவர்.

பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்த மறுநாள் அக்கா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துப்போய், நாலு முளைகளுக்கு நடுவே பங்கர் வெட்டத் தொடங்கினாள். நானும் சேர்ந்துகொண்டேன். அயலவரின் கைவண்டியில் ஆறு சிலிப்பர் கட்டைகளை ஏற்றிவந்து மேலே அடுக்கினோம். அப்பா ஒரு கட்டையிலும் கை வைக்கவில்லை.

அந்தக் கிழமையே விமானம் வந்தது. முதலில் ஓடிப்போய் உள்ளே இறங்கியவர் அப்பாதான். குனிந்தபடி நெருக்கி உட்கார்ந்தோம்.

"ஸ்டேசன் வந்திட்டுது, அப்பா," என்றாள் அக்கா. "மாப்பிள்ளை எப்ப வருவார்?"

அப்பா தலைக்கு மேலே இருந்த கட்டையின் ஆணித்துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.