புகையான் படம்

பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால், ஒரு பழைய நெகட்டிவ் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம். ஒரு நெற்குத்தின் அடித்தண்டு, அவ்வளவுதான். அது ஏன் அங்கே இருக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மன்னார்குடியில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற கழக ஆட்சி சட்டம் கொண்டுவந்து, ஊருக்கு ஊர் வழக்கு நடந்த காலம். கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். புருஷன் இறந்தபின் குத்தகை நிலத்தைத் தானே பயிரிட்டு வந்தவர்.

"பூச்சியப் படம் புடிப்பீங்களா தம்பி?"

முதலாளி சிரித்தார். "பவுடர் போட்டு உக்கார வைங்க, புடிச்சிடலாம்."

"அது எங்கங்க உக்காருது? என்னைத்தான் உக்கார வச்சிடுச்சு."

வேண்டுமென்றே தண்ணீர் பாய்ச்சாமல் பயிரைக் காயவிட்டார் என்று மிராசுதார் தரப்பு மனுப் போட்டிருந்தது. அது நிலைத்தால் நிலம் போய்விடும். உண்மையில் பயிரைக் கருக்கியது புகையான். தண்ணீருக்குச் சற்று மேலே தண்டில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் எள்ளளவுப் பூச்சி. அதிகாரி நேரில் வந்து பார்ப்பதற்குள் பயிர் மக்கிவிடும். படம்தான் சாட்சி.

எனக்கு மனித முகம் எடுக்கத்தான் தெரியும். வீட்டு நந்தியாவட்டைப் பூவில் ஊர்ந்த எறும்பை வைத்துப் பழகினேன். ஸ்டுடியோவின் மரக் கேமராவில் லென்சுக்குப் பின்னாலுள்ள மடிப்புத் துருத்தியை முழுக்க இழுத்துக்கொண்டு கிட்டே போனால், பின்பக்கக் கண்ணாடியில் எறும்பு தலைகீழாக, விரல் நகமளவு தெரிந்தது. படமோ ஒரே இருட்டு. துருத்தி நீள நீள வெளிச்சம் குறையும் என்பது இரண்டு பிலிம் பாழான பிறகு புரிந்தது. முகத்துக்கு ஒரு நமச்சிவாய எண்ணித் திறந்து மூடுவேன்; பூச்சிக்கு நான்கு வேண்டியிருந்தது.

வயலில் சேற்றில் மண்டியிட்டேன். அக்கா குத்தை விலக்கிப் பிடித்து, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை அடித்தண்டில் திருப்பினார். ஒன்பது பூச்சிகள். ஆள் அசைந்தால் தண்டைச் சுற்றி மறுபக்கம் ஓடிவிடும். இருவரும் மூச்சுவிடவில்லை. நான்கு எண்ணினேன்.

அன்று பிரதோஷம். நெகட்டிவைக் கழுவிக் காயப்போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அந்தப் புள்ளிகள்தான் பூச்சி என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டச்சிங் அவர் வேலை. கல்யாணப் பெண்களின் பரு, மச்சம் எல்லாவற்றையும் நெகட்டிவிலேயே சாயத்தால் அடைத்துவிடுவார். "புள்ளியோட ஒரு படம் என் கடையத் தாண்டாது" என்பார். அதையும் அப்படியே சுத்தமாக்கி, பிரிண்ட் போட்டு, உறையில் ஒட்டிவைத்திருந்தார். விடிந்தால் விசாரணை. உறையைப் பிரிக்காமல் நானும் அக்காவும் முதல் பஸ் ஏறினோம்.

அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்டு நல்லாத்தானே இருக்கு. பூச்சி எங்கம்மா?"

எட்டிப் பார்த்தேன். ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. "இருந்துச்சுங்கய்யா. எங்க மொதலாளி டச்சிங் பண்ணிட்டாரு."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அப்ப படத்துல கை வச்சிருக்கீங்க. இதை நீயே ஒத்துக்கிறே, இல்லையா?"

சிரிப்பு எழுந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை; மேசைமேல் கிடந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி எடுக்கலாமென்று வயலுக்கு ஓடினேன். அதற்குள் மிராசுதார் ஆட்கள் மாடுகளை விட்டு மேய்த்திருந்தார்கள்.

நிலம் போனபின் அக்கா ஒருமுறை ஸ்டுடியோவுக்கு வந்தார். முதலாளி தலைகுனிந்தபடி டச்சிங் செய்துகொண்டிருந்தார்.

"கண்ணாடிய உங்க பையிலயே விட்டுட்டேன் தம்பி."

துடைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது என் மகன் வரப்பில் நின்றபடியே செல்போனில் புகையானின் கால் முடிவரை எடுக்கிறான். "தெரியுதாப்பா?" என்று காட்டுகிறான். தெரிகிறது என்கிறேன்.

காலையில் விளக்கேற்றியபின் சில நாள் அந்த நெகட்டிவை எடுத்துச் சுடர்ப்பக்கம் சாய்த்துப் பிடிப்பேன். சாயம் வைத்த ஒன்பது இடமும் மினுமினுக்கும். எந்தப் பூச்சி எங்கே இருந்தது என்று தெரியும். அழுகை வருவதில்லை, வேண்டுதலும் வருவதில்லை. நமச்சிவாய என்று நான்கு எண்ணிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.