கருமணலில் தங்கிய தாயத்து

கடலில் செத்த என் தம்பியின் உடல் பெரியபட்டினத்துக்கு மேற்கே ஒதுங்கியது. கடல் கொண்டுவந்து போட்ட உடலை ஊருக்குள் எடுத்துவரும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஒதுங்கிய இடத்துக்கு மேலே, மணல்மேட்டிலேயே குழி. புதைக்கும்முன் அரைஞாண் கயிற்றை அறுக்க வேண்டும், அம்மா விடவில்லை. "வெறும் இடுப்போட அவன் போக வேணாம்யா." கயிற்றில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தும் அவனோடு போயிற்று. ஆடி, தை அமாவாசைகளில் தவறாமல் அந்த மேட்டில் எள்ளும் தண்ணீரும் விட்டு வருவோம்.

இந்தத் தை அமாவாசைக்கு அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் மட்டும் போனேன். மேட்டில் பாதியைக் காணவில்லை. பொக்லைன் அள்ளியிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு மணல் கழுவும் பட்டறை. சாய்வான பலகை வாய்க்காலில் மணலைத் தண்ணீரோடு ஓடவிடுகிறார்கள். வீடு கட்டும் மணல் ஓடிவிடும். கனமான கருமணல் பலகையின் குறுக்குச் சட்டங்களில் தங்கும். அதற்குத் தனி விலை. அதோடு தங்கும் மற்றவற்றை மேஸ்திரி ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

"கருமணல் எடுக்குறத வெளிய சொல்லிராதீகண்ணே" என்றவர், டப்பாவைக் குலுக்கிச் சிரித்தார். "பூராம் வலை ஈயம். நாம மணல் அள்ளுறமா, மீன் புடிக்கிறமான்னு பயலுக கேக்குறாய்ங்க."

டப்பாவுக்குள் கைவிட்டேன். வெள்ளி கனமானது. குழி வெட்டுப்பட்டிருந்தால் தாயத்து இதில்தான் இருக்கும். இல்லையென்றால் அவன் மிச்ச மேட்டுக்குள் படுத்திருக்கிறான். தாயத்து இருக்கக் கூடாது என்றுதான் தேடினேன். ஈயக்குண்டுகள், தூண்டில் முள், ஆணி. அடியில் அது கறுத்துக் கிடந்தது. ஒரு முனையில் நசுங்கல். பல் முளைக்கும்போது அவன் கடித்த இடம்.

"ஒங்க பொருளாண்ணே? எடுத்துக்கங்க."

"எலும்பு ஏதும் வந்துச்சா?"

"எலும்பு நிக்காதுண்ணே. லேசாத்தான இருக்கும், மணலோட போயிரும்." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த மணல் எங்க போச்சு?"

"கீழக்கரைக்கு. வீடு கட்ட."

எல்லாவற்றுக்கும் நாட்காட்டியில் குறிப்பு எழுதுகிறவன் நான். அந்த நாளின் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. கீழக்கரைக்குப் போனால், புதிதாகப் பூசிய சுவர்களில் கை படாமல் நடக்கிறேன்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "அங்கன மேடு நல்லா இருக்காய்யா?"

"இருக்கும்மா."

ஆடி அமாவாசைக்குத் தானும் வருவதாகச் சொல்லி, இப்போதிருந்தே முழங்காலுக்குத் தைலம் தேய்த்து வருகிறாள்.