ஆமைக்குப் போட்ட பல்பு

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வீடுகளுக்கு நடுவே சுவர் கிடையாது, பலகைதான். பழைய பெரிய வீடு ஒன்றைப் பலகை அடித்து நாலாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். பக்கத்தில் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். நான் என் வீட்டுக்காரரைத் திட்டினால் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். எழுபதுகளின் கடைசி அது. கல்யாணமாகி ஐந்தாறு வருஷமாகியும் குழந்தை இல்லை. எனக்கு வாய் மட்டும் நீளம்.

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் என்னைவிடச் சின்னவள். அவள் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டதால், பேசுவது தமிழா மலையாளமா என்று அவளுக்கே தெரியாது. புருஷனுக்குப் பம்பாயில் ஹோட்டல் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். கடைக்கோ குழாயடிக்கோ போகும்போது பலகையைத் தட்டி, "அக்கா, கொச்சப் பாத்துக்கணே" என்று பிள்ளையை என் பொறுப்பில் விட்டுக் குரல் கொடுப்பாள். எனக்கு அது பிடிக்கும். இந்தப் பக்கத்திலிருந்தே பாட்டுப் பாடி அந்தப் பையனைத் தூங்க வைத்திருக்கிறேன்.

ஆமை எங்களுக்கு வந்தது வெங்காய லாரியில். என் வீட்டுக்காரருக்குத் தேயிலைக் கிடங்கில் வேலை. அங்கே பழக்கமான லாரி டிரைவர் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துக் காட்டில் பிடித்ததாகச் சொல்லிக் கொடுத்தார். கறுப்பு ஓட்டில் மஞ்சள் மஞ்சளாக நட்சத்திரம் போட்ட ஆமை. அதை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆமை வீட்டுக்கு ஆகாது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு வீம்பு ஏறியது. செம்பருத்திப் பூவை நீட்டினால் கழுத்தை நீட்டி வாங்கித் தின்னும். அதன் முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் பொழுது போவதே தெரியாது.

காய்ந்த காட்டில் வளர்ந்த பிராணி அது. கொச்சி மழை பிடித்ததும் சுருண்டுவிட்டது. தலையை வெளியே நீட்டவில்லை. மூக்கில் நுரை கட்டியது. கிடங்கில் கோழிக்குஞ்சு வளர்த்த ஒருவர், சூடு கொடுத்தால் பிழைக்கும் என்றார். என் வீட்டுக்காரர் ஒரு தேயிலைப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒட்டுப்பலகைப் பெட்டி, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியது. அடியில் மரத்தூள் பரப்பி, மேலே குறுக்கே ஒரு கழி வைத்து, அதிலிருந்து நாற்பது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டார். பெட்டியை வைக்க ஈரம் படாத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அது பலகைத் தடுப்பின் ஓரம்.

அந்தக் காலத்துக் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே ஐஸ் பாக்டரி, மரமில், எண்ணெய் மில். அவை ஓடும்போது எங்கள் வீட்டுப் பல்பில் உள்ளே இருக்கிற கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. நாற்பதைக் கழற்றிவிட்டு, சமையலறையில் இருந்த நூறை மாட்டினேன். அதுவும் போதாது என்று பெட்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடினேன். என் வீட்டுக்காரர், "சாக்கு வேண்டாம், பல்பு பக்கத்துலயே கெடக்கு" என்றார். "கரண்ட் வந்தாத்தானே பத்தும்" என்றேன். என் வாய்க்கு முன்னால் அவர் எப்போதும் தோற்றுப்போவார். அன்றைக்காவது தோற்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டு மூன்று நாளில் ஆமை தலையை நீட்டியது. பப்பாளித் துண்டைக் கடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு பந்த் வந்தது. எதற்கான பந்த் என்று மறந்துவிட்டது. கடை இல்லை, பஸ் இல்லை. ஆண்கள் எல்லாம் தெருக்கோடியில் சீட்டாடப் போய்விட்டார்கள். மில் எதுவும் ஓடாததால் பட்டப்பகலில் கரண்ட் ஜோராக வந்தது. மின்விசிறி பிய்த்துக்கொண்டு சுற்றியது. ரேடியோ கணீரென்று பாடியது. தினமும் பந்த் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ரேடியோவுக்கு வந்த கரண்ட்தான் அந்த நூறு வாட்ஸுக்கும் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதற்குப் படிப்பு வேண்டாம். கொஞ்சம் நிதானம் இருந்தால் போதும்.

பத்து மணி வாக்கில் அவள் பலகையைத் தட்டினாள். "அக்கா, குழாயில வெள்ளம் வருது. கொச்சு ஒறங்குது. ஒண்ணு பாத்துக்கணே." சரி என்றேன். நான் சமையலறையில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சாக்கு கருகுகிற வாசனை வந்தது. மட்டாஞ்சேரியில் சாக்கு வாசனை இல்லாத நேரம் எது? தெரு முழுக்கக் கிடங்குகள். சுக்கு, மிளகு, சாக்கு என்று எல்லாம் கலந்த காற்றைத்தான் மூச்சு விட்டோம். மீனை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

முன்னறைக்கு வந்தபோது சாக்கு உள்ளே சரிந்து பெட்டி எரிந்துகொண்டிருந்தது. தீ பலகையில் ஏறியிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம், உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் பையன் தூங்குகிறான். எனக்கு அது தெரியும். மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பெட்டியைக் காலால் எத்திக் கவிழ்த்தேன். ஆமை உருண்டு வெளியே வந்தது. முந்தானையில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நாலு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் அதைப் போட்டேன். மல்லாக்க விழுந்து காலை ஆட்டியது. அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அறை முழுக்கப் புகை. தொட்டிலின் ஓரம் கருக ஆரம்பித்திருந்தது. பையன் அழவில்லை, இருமிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் முற்றத்தில் குடத்தோடு நின்றாள். குடத்தைப் போட்டுவிட்டு என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். சீட்டாட்டக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் வாளித் தண்ணீரை வீசப் போக, இன்னொருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல மெயின் ஆஃப் செய்யடா, ஷாக்கடிச்சுச் சாவணுமா?" என்று கத்தினார். அதன் பிறகு தண்ணீரும் மணலும் கொட்டி அணைத்தார்கள். பலகைத் தடுப்பில் பாதி போயிற்று. வேறு சேதம் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் நான் பெரிய ஆளாகிவிட்டேன். தீக்குள் நுழைந்து பிள்ளையைக் காப்பாற்றியவள் என்று தெருவே பேசியது. பல்பை மாற்றியது நான், சாக்கைப் போட்டதும் நான் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. "இந்த வோல்டேஜில எல்லா வீட்டிலயும் நூறுதானே போட்டிருக்கு? கரண்ட் ஆபீஸ்காரனைச் சொல்லணும்" என்றார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கூடக் கரண்ட் ஆபீஸைத்தான் வைதார். கொண்டுபோய்க் கொடுத்த பழியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் எதை முதலில் தூக்கினேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆமையை அதே லாரியில் திருப்பிக் கொடுத்தனுப்பினோம். காட்டில் விட்டாரா, வழியில் விற்றாரா தெரியாது. ஒரு பூ கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அதன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பாவம், அது என்ன செய்யும்?

அடுத்த மழைக்குப் பையனுக்கு மூச்சிழுப்பு வந்தது. அதற்கடுத்த மழைக்கும் வந்தது. கொச்சி ஈரத்துக்குப் பாதிப் பிள்ளைகளுக்கு இது உண்டு என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் அன்று குடித்த புகையால் வந்ததல்ல என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. புதிதாக அடித்த பலகை வழியாக அந்த மூச்சு எனக்குக் கேட்கும். கேட்டதும் எழுந்து போவேன். வெந்நீர் வைத்து ஆவி பிடிக்க வைப்பேன். முதுகைத் தடவிக்கொண்டே மடியில் நிமிர்த்தி வைத்திருப்பேன். சினிமா, கல்யாணம், ஊர்ப் பயணம் எல்லாவற்றையும் மழைக்காலத்தில் விட்டுவிட்டேன். பெற்றவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று தெருவில் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

பையனுக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு மழை நாள், மத்தியானம். அவன் என் தோளில் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "நிங்க இல்லேன்னா இவன் இல்ல அக்கா" என்றாள். எத்தனையோ தடவை சொன்னதுதான். அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை.

"நான் மொதல்ல ஆமையத்தான் எடுத்தேன்" என்றேன். "இவன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சும் அதத்தான் எடுத்தேன்."

தேய்க்கிற கையை அவள் நிறுத்தவில்லை. "கண்டேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நான் குடத்தோட முற்றத்துக்கு வரும்போ நிங்க ஆமையத் தாழ இட்டீங்க. அப்புறம்தான் எங்க வீட்டுக்குள்ள ஓடினீங்க. நான் எல்லாம் கண்டேன் அக்கா. கால் அனங்கல. அங்கயே நின்னுட்டேன்."

"பின்ன ஏண்டி இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நிங்க இங்கோட்டு வருவீங்களா? சேட்டன் பம்பாயில. எனக்கு வேற ஆரு இருக்கா?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். பிராயச்சித்தம் செய்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ, வேறு ஆள் இல்லாததால் என்னைப் பொறுத்துக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் பிள்ளையை என் கையில் கொடுத்திருக்கிறாள். பையன் இழுப்புக்கு நடுவே தலையைத் திருப்பி, "அழாண்டாம்" என்றான். யாரைச் சொன்னான் என்று பார்த்தேன். அவள் அழவில்லை.