சின்னுசாமி மச்சான் நிறுத்திய மாத்திரை

அக்கா சௌந்திரத்தின் போன் வந்தபோது வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து நாற்பது. "உங்க மச்சான் எந்திரிக்க மாட்டேங்கறாருடா சாமி" என்றாள். சேலத்திலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் வாசலில் நாற்காலிகள் போட்டுவிட்டார்கள்.

மச்சான் சின்னுசாமிக்கு ஐம்பத்தாறு வயது. வெண்ணந்தூர்ப் பக்கம் எட்டாயிரம் முட்டைக்கோழி வளர்த்தார். போன வருடக் கோடையில் ஒரே மதியத்தில் நானூறு கோழி செத்தது. அதன்பிறகு கரண்ட் போய் ஷெட்டில் விசிறி நின்றாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். தூக்கம் போயிற்று. டாக்டர் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை கொடுத்தார். படபடப்பு மட்டும் அடங்கவில்லை. ராசிபுரத்தில் அக்குபங்சர் பார்க்கும் இர்பானாவிடம் அவரை அழைத்துப் போனவன் நான்தான்.

மணிக்கட்டிலும் காதிலும் முடி போல மெல்லிய ஊசிகள். முதல் நாளே ஊசியோடு குறட்டை விட்டார். ஆறாவது வாரத்தில் நாடி நிதானமானது. அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது. "இது பதட்டத்தத்தான் தணிக்கும் அண்ணே, மாத்திரைய விட்டுடாதீங்க" என்று இர்பானா ஒவ்வொரு முறையும் சொல்வார். மச்சான் தலையாட்டுவார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். அழுத்தம் பார்த்த இர்பானா, மறுபடியும் பார்த்தார். நூற்றெழுபது.

"அண்ணே, மாத்திரை போடறீங்களா?"

"அத நிறுத்தி ஒரு மாசமாச்சுங்க."

"நான் நிறுத்தச் சொன்னேனா?"

"நீங்க சொல்லலீங்க. கோழிக்குச் சீக்கு தெளிஞ்சா மருந்த நிறுத்திப் போடறமில்லீங்க? இல்லாட்டி முட்டையில எறங்கிருமுங்க."

"நீங்க என்ன முட்டையா போடறீங்க?"

நான்தான் முதலில் சிரித்தேன். மச்சானும் சிரித்தார். இர்பானா சிரிக்கவில்லை. அன்றைக்கு ஊசி வைக்க மறுத்து, "இப்பவே டாக்டர்கிட்ட போங்க. என்னென்ன மாத்திரைன்னு எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்றார்.

"நாளைக்கு முட்டை வண்டி வருதுங்க. வெள்ளிக்கிழமை போறனுங்க."

என் கார் இர்பானாவின் வாசலில்தான் நின்றது. ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்தேன். கொஞ்ச நாளாக ராத்திரியில் அவர் அவ்வளவு நன்றாகத் தூங்கினார் என்பதும் என்னை ஏமாற்றிவிட்டது.

அவர் தலைமாட்டில் கிடந்த, கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் மாத்திரைகளின் பெயரை எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒன்றாவது பெயர் முழுதாக இருக்கிறது. இரண்டு என்று எண் போட்டிருக்கிறது. எதிரே ஒன்றும் எழுதவில்லை.