வருஷம் போடாத சுவர்

மரக்காணம் வட்டாரத்தில் சுவர் எழுத வேண்டுமென்றால் எந்தக் கட்சிக்காரனும் முதலில் தேடுவது இருசப்பனைத்தான். வெயில் காலம் முழுக்க உப்பளத்தில் உப்பு வாருவார். மழை விட்டு உப்பளம் காய்கிற வரைக்கும் பிரஷ்ஷும் பெயின்ட் டப்பாவுமாகக் கிளியனூர் வரை சுற்றுவார். ‘ழ’கரத்தின் வாலை அவர் இழுக்கிற இழுப்பைப் பார்க்க டீக்கடையில் நாலு பேர் எழுந்து வருவார்கள்.

அந்தத் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. சுவர் கிடைத்ததும் வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயர் போட்டு, ‘ரிசர்வ்’ என்று எழுதி, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பதையும் போட்டுவிட வேண்டும். போட்டால் போட்டதுதான். எதிர்க்கட்சிக்காரன்கூட அதைத் தொடமாட்டான். வருஷம் போடாத சுவரை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். எந்தச் சட்டசபையும் இயற்றாத, எந்தக் கோர்ட்டும் விசாரிக்காத சட்டம் இது. ஆனாலும் இருசப்பன் பார்த்த வரையில் யாரும் மீறாத சட்டம் இது ஒன்றுதான்.

2021 பிப்ரவரியில் வன்னியர்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் பத்தரை சதவீத உள்ஒதுக்கீடு என்று சட்டசபையில் சட்டம் வந்தது. தேர்தல் தேதி அறிவிக்கச் சில மணி நேரமே பாக்கி. மறுநாள் காலையிலேயே, அந்த ஒதுக்கீட்டைக் கேட்டு வந்த கட்சியின் கிளைச் செயலாளர் கலையரசன் பைக்கில் வந்து நின்றான்.

“இருசப்பண்ணே, இருபது சுவரு. நன்றின்னு பெருசா போடுங்க. இனிமே நம்ம புள்ளைங்கள எவனும் அசைக்க முடியாது.”

இருசப்பன் இருபது சுவரிலும் எழுதினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மரியதாஸ், உப்பளத்தில் அவருக்குக் கூட்டாளி. அவன் எழுத்தையும் பார்த்தான், இருசப்பன் முகத்தையும் பார்த்தான்.

இருசப்பனுக்கு ஒரே மகள், பூவிழி. பள்ளிக்கூடத்தில் முதலுதவிப் பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து நர்ஸ் ஆகணும் என்பதுதான் பேச்சு. உப்பளத்துக்காரர்களின் கால்வெடிப்புக்கெல்லாம் அவள்தான் மருந்து போடுவாள். ஆடி மாதம் பிளஸ் டூ மார்க் வந்தது. மரக்காணத்தில் நெட் சென்டர் வைத்திருந்தவர் பழைய பட்டியல்களையெல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டார். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எல்லோரோடும் சேர்ந்து நின்றால் சந்தேகம், பத்தரைக்குள் நின்றால் அரசு நர்சிங் கல்லூரியில் சீட்டு உறுதி என்றார்.

இருசப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மத்தியானமே தன் வீட்டுத் தெருச்சுவருக்கு வெள்ளையடித்தார். கட்சிக்காரனுக்கெல்லாம் சாதா வண்ணப் பொடியில் எழுதுகிறவர், மகளுக்கென்று எனாமல் பெயின்ட் வாங்கினார். ‘எங்கள் ஊரின் முதல் நர்ஸ் இ. பூவிழி’ என்று ஆளுயரத்துக்கு எழுதினார். மூலையில் ‘ரிசர்வ்’ என்றும் போட்டார்.

பூவிழிக்கு அழுகையே வந்துவிட்டது. “சீட்டே இன்னும் வரலப்பா. எல்லாரும் பாக்கறாங்க. அழிச்சிடுப்பா.”

“எடத்தப் புடிச்சி வைக்கிறேம்மா. அப்புறம் எவனும் வந்து கேக்க மாட்டான்ல?”

முப்பது வருஷம் சுவர் எழுதிய மனுஷன், சந்தோஷத்தில் வருஷம் போட மறந்துவிட்டார். அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

நவம்பர் முதல் தேதி அந்தச் சட்டம் செல்லாது என்று ஹைகோர்ட் சொன்னது. வெளியே மழை. கலையரசன் தொப்பலாக நனைந்துகொண்டு வந்தான்.

“ஜட்ஜுங்களுக்கு நம்ம கஷ்டம் எங்கண்ணே தெரியும்? நாம விடமாட்டோம். சுப்ரீம் கோர்ட்டுல பாத்துக்கலாம். மழ நின்னதும் பத்து சுவரு எழுதணும், மேல்முறையீடு செய்னு.”

அவன் போனதும் இருசப்பன் நீதிபதிகளை வாய்க்கு வந்தபடி ஏசினார். பூவிழி போனில் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“சரியான கணக்கெடுப்பு இல்லாம சட்டம் போட்டிருக்காங்கன்னு சொல்றாங்கப்பா. ஈரச் சுவத்துல எழுதினா நிக்காதுன்னு நீதான சொல்லுவ? இவங்க ஈரச் சுவத்துலதான் எழுதியிருக்காங்க.”

மறுநாள் மழை சற்று ஓய்ந்ததும் மரியதாஸ் வந்தான். அவனிடம்தான் புலம்பித் தீர்த்தார்.

“நீ குடுத்து வச்சவன் இருசப்பா,” என்றான் மரியதாஸ். “எட்டு மாசத்துல ஒனக்குத் தீர்ப்பு வந்துடுச்சி. காலனியில பொறந்தவந்தான் நானு, ஆனா வேதத்துல சேந்த கிறிஸ்தவன்னு எஸ்.சி. பட்டியல்ல சேக்க மாட்டன்றாங்க. எங்கப்பா கேட்டாரு, இப்ப நான் கேக்குறேன். எங்க கேசு இன்னும் கெடக்குது.” அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் இருசப்பனுக்கு உறைத்தது. இவனுக்காக ஒரு சுவராவது எழுதியிருக்கிறோமா என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக நினைத்தார்.

அன்று சாயங்காலம் மகள் பெயரின் மேல் சுண்ணாம்பு அடித்தார். சுவர் ஊறிப்போய்க் கிடந்தது. நிற்காது என்று கைக்குத் தெரிந்தது. தெருவில் போகிறவன் படிக்கிறானே என்ற வெட்கம்தான் அவரை அடிக்க வைத்தது.

கவுன்சிலிங் நடந்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பூவிழிக்கு முன்னால் நின்றவர்களோடு சீட்டுகள் தீர்ந்துவிட்டன. தனியார் கல்லூரி என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மார்ச் கடைசியில் சுப்ரீம் கோர்ட்டும் ஹைகோர்ட் சொன்னது சரிதான் என்றது. தலைவர்கள் கோர்ட்டைக் கைகாட்டினார்கள். கோர்ட்டு, சட்டம் போட்டவர்களைக் கைகாட்டியது. இரண்டு பக்கமும் பேசியவர்கள் அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். பூவிழி அந்த வாரமே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மா வசந்தாவோடு உப்பளத்துக்குப் போனாள்.

வெயில் ஏற ஏறச் சுவரில் உப்புப் பூத்தது. ஈரத்தில் அடித்த சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. உள்ளேயிருந்து முதலில் ‘பூ’ வெளியே வந்தது. சித்திரைக்குள் ‘நர்ஸ்’ என்பதும் வந்துவிட்டது. எனாமல் அல்லவா, மெருகு குலையாமல் இருந்தது. உப்பளத்துப் பெண்கள் அவளை நர்சம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் விளையாட்டுக்கு, பிறகு பழக்கத்தில். அவளும் என்ன என்று திரும்பப் பழகிக்கொண்டாள். இருசப்பன் மட்டும் அந்தச் சுவர்ப் பக்கம் போகாமல் கொல்லை வழியாகவே வந்துபோனார்.

நாலு வருஷம் போய், இப்போது அடுத்த சட்டசபைத் தேர்தல். மாசி வெயிலில் கலையரசன் வந்தான். பைக் போய்க் கார் வந்திருந்தது.

“அண்ணே, மறுபடியும் பத்தரையத்தான் கையில எடுக்கிறோம். ஒங்க தெருச்சுவரு மெயின்ல இருக்குது. அதுலயே மொதல்ல போடுங்க.”

“அது ரிசர்வ் ஆன சுவரு,” என்றார் இருசப்பன்.

“யாருக்கு?”

“எம்பொண்ணுக்கு.”

கலையரசன் சுவரின் மூலைவரை போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. “வருஷம் போடலியேண்ணே. வருஷம் போடாட்டி செல்லாதுன்னு நீங்கதான எங்களுக்கே சொல்லிக் குடுத்தீங்க?” சாயங்காலத்துக்குள் வெள்ளையடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இருசப்பன் உள்ளே போய் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்தார். ‘ரிசர்வ்’ என்பதற்குப் பக்கத்தில் ‘2021 முதல்’ என்று எழுதினார். அடுத்து என்ன போடுவது என்று தெரியவில்லை. பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

உப்பளத்திலிருந்து திரும்பிய பூவிழி அவர் பின்னால் வந்து நின்றாள். முழங்கால்வரை உப்பு வெளுத்திருந்தது. பாதத்தில் அம்மாவுக்கு இருப்பது போலவே வெடிப்பு.

“எது வரைக்கும்பா?” என்று கேட்டாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தெருவென்றும் பார்க்காமல் அழுதார்.

அவள் பிரஷ்ஷை அவர் கையிலிருந்து வாங்கி டப்பாவில் போட்டாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“வெள்ளையடிச்சிடுப்பா. நல்லா காஞ்சிருக்குது. இந்தத் தடவ நிக்கும்.”

சொல்லிவிட்டுக் கால் கழுவ உள்ளே போனாள்.